சோக்கை விட்டால் இஞ்சின் நிற்கிறது, இழுத்தால் கரும்புகை: ரிங் போய்விட்டதா?

கைச்சோக்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இரட்டைக் குழல் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்), டேஷ்போர்டில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கையால் இழுக்கிற சோக். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வருவதற்கு முந்தைய காலத்து வண்டி.

காலையில் சோக்கை முழுதாக இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் சைலன்சரில் இருந்து நீலமாக ஒரு வீச்சு வந்து போய்விடும். அதன்பின் கொஞ்சம் வெள்ளை, அப்புறம் கறுப்பு. சோக்கை உள்ளே தள்ளினால் இஞ்சின் நின்றுவிடுகிறது. அதனால் பாதி இழுத்தபடியே ஓட்டுகிறேன். நன்றாகச் சூடான பிறகும், வண்டி நிற்கும்போது ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தே இருக்க வேண்டும். பெட்ரோல் செலவும் ஏறிவிட்டது.

பார்த்த மெக்கானிக் "ரிங் போயிடுச்சு, இஞ்சினை இறக்கணும்" என்கிறார். பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டரை அடைக்கும் வளையத்தைத்தான் ரிங் என்கிறார். அதற்கு ஒத்துக்கொள்வதற்கு முன் நானே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா?

நெடுஞ்சாலை:
நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அதில் சந்தேகமே வேண்டாம். இவ்வளவு வயதான இஞ்சினில் ரிங்தான் முதலில் தேயும். இப்போதைக்கு இன்னும் கெட்டியான கிரேடு ஆயில் ஊற்றி ஓட்டுங்கள், புகை குறையும். ஆனால் ஒருநாள் இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஜெட்நீடில்:
நெடுஞ்சாலை ஐயா, நீலம் என்றால் ஆயில் என்பது சரி. ஆனால் ஆயில் எந்த வழியாக வருகிறது என்பதை நிறம் சொல்லாது. புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் சொல்லும். நிறத்தை மட்டும் பார்த்து இஞ்சின் இறக்கிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரவெல்லாம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒரு வீச்சு நீலம் வந்து அடங்கினால், பெரும்பாலும் அது வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர், அதாவது வால்வு ஸ்டெம் சீல். சிலிண்டர் ஹெட்டின் மேல் தங்கிய ஆயில், காய்ந்து இறுகிப்போன சீலைத் தாண்டி, வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடு வழியாக இரவில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. காலையில் முதல் சுற்றுகளில் அது எரிந்து தீர்ந்துவிடும். இதே சீல் கோளாறு இன்னொரு நேரத்திலும் தெரியும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து, கியரிலேயே இறங்கி வாருங்கள். கீழே வந்ததும் மறுபடி மிதியுங்கள். அப்போது பின்னால் நீலம் கிளம்பும். த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர் திறக்கும் தகடு) மூடியிருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் கலவை போகும் குழாயில்) வேக்குவம், அதாவது உறிஞ்சல், மிக அதிகம். அது கைடு வழியாக ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம் வேறு மாதிரி. மேட்டில் ஏறும்போது, பாரத்தோடு இழுக்கும்போது, மிதித்துக்கொண்டே இருக்கும் வரை நீலம் தொடர்ந்து வரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புசுபுசுவென்று காற்று அடிக்கும். எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி இஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்குவதுதான் அது.

கைச்சோக், நீங்கள் சொன்ன வீச்சு முதல் வகை போலத்தான் படுகிறது. ஆனால் உங்களுடைய பெரிய தொல்லை அது இல்லை. கறுப்புப் புகையும், சோக் இல்லாமல் ஓடாத இஞ்சினும்தான். அவற்றை ஆயிலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் தனியாகப் பார்க்க வேண்டும்.

வால்வுசத்தம்:
ஜெட்நீடில் அண்ணன் சொல்வதோடு முழுதாக ஒத்துப்போகிறேன். கெட்டி ஆயில் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். காலையில் ஆயில் பம்ப் அதை மேலே ஏற்றுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கேம் ஷாஃப்ட்டும் ராக்கரும் உலர்ந்தே உரசிக்கொண்டிருக்கும். புகையை மறைக்கப் போய் தேய்மானத்தை வாங்குவதுதான் மிச்சம். மேனுவலில் எந்த கிரேடு சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

வெள்ளையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குளிர்ந்த இஞ்சினில் சில நிமிடம் வரும் மெல்லிய வெள்ளை வெறும் நீராவி. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். அது குளிர்ந்த சைலன்சரில் படிந்து ஆவியாகிறது, அவ்வளவுதான். சூடான பிறகும் கனமாக வந்துகொண்டே இருந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், புகையில் இனிப்பு வாசனை அடித்தால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகப்படுங்கள். ரேடியேட்டர் மூடி மேல் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவக் கருவி ஒன்று உண்டு. எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால், பெட்ரோல் இஞ்சினில் அந்த நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றாமலே தெரிந்துவிடும். மூடியை மட்டும் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் திறக்க வேண்டும்.

ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்தாற்போல் பசை இருந்தால் உடனே கேஸ்கெட் என்று பயப்படாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் சரியாகச் சூடாகாது, ஈரம் அங்கே தங்கி இப்படி ஆகும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் அதே பசை இருந்தால்தான் கவலை.

கைச்சோக்:
இருவருக்கும் நன்றி. இறக்கத்தில் விட்டு மறுபடி மிதித்துப் பார்த்தேன், பின்னால் வந்த நண்பர் நீலம் தெரிந்தது என்றார். மேட்டில் நீலம் இல்லை. தண்ணீர் குறையவில்லை. அப்படியானால் சீல்தான் என்று வைத்துக்கொள்கிறேன். கறுப்புக்கு எங்கே தொடங்குவது? சோக்கே கெட்டுவிட்டதா?

ஜெட்நீடில்:
சோக் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தானாகப் புரியும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி மேனிஃபோல்டு சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குள் ஆவியாகப் போய்ச் சேர்வது போதாது. அதனால் தேவையைவிட மிக அதிகமான பெட்ரோலை அனுப்பியாக வேண்டும். உங்கள் கார்புரேட்டரில் அதைச் செய்வது வாய்ப்பகுதியில் இருக்கும் ஒரு தகடு. சோக்கை இழுத்தால் அது காற்று வழியை மூடுகிறது. இஞ்சினின் உறிஞ்சல் அப்போது கார்புரேட்டரின் கழுத்து வரை வந்து மெயின் ஜெட்டில் (ஓடும்போது பெட்ரோல் தரும் முக்கியத் துளையில்) இருந்தே பெட்ரோலை இழுக்கிறது. கூடவே ஒரு நெம்புகோல் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து ஐட்லிங்கை (மிதிக்காதபோது இஞ்சின் சுற்றும் வேகத்தை) ஏற்றி வைக்கிறது.

சோக் இல்லாமல் ஐட்லிங்கில் நிற்கும்போது கதை வேறு. த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். கழுத்து வழியே போகிற காற்று மெயின் ஜெட்டை வேலை செய்யவைக்கப் போதாது. த்ராட்டில் தகட்டுக்குக் கீழே ஒரு சிறு துளை வழியாக ஐடில் ஜெட்தான் பெட்ரோல் தருகிறது. அந்த வழி அடைத்துப்போனால் இஞ்சின் நின்றுவிடும். ஆனால் சோக்கை இழுத்தால் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் கிடைத்து ஓடும். மிதித்தாலும் ஓடும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

ஆக, உங்கள் இஞ்சினுக்கு ஐட்லிங்கில் பெட்ரோல் போதவில்லை என்றே நினைக்கிறேன். அதைச் சமாளிக்க நீங்கள் சோக்கைப் பாதி இழுத்து ஓட்டுகிறீர்கள். அதனால் மற்ற எல்லா வேகத்திலும் பெட்ரோல் கூடிப்போய்க் கரும்புகை வருகிறது. சோக் கெடவில்லை, வேறொரு கோளாறின் சுமையை அது தூக்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று இடம் பாருங்கள். முதலில், உங்கள் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒயர் செருகிய பித்தளை உருளை ஒன்று இருக்கிறதா? அது ஐடில் கட்-ஆஃப் சோலனாய்டு. சாவியை அணைத்த பிறகும் இஞ்சின் தொடர்ந்து சுற்றாமல் இருக்க, ஐடில் வழியை மூடிவைக்கும் வால்வு. சாவியை ஆன் செய்யும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். சோலனாய்டு சரியாக இருந்தால் அடுத்து ஐடில் ஜெட். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காற்றை அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை மட்டும் விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிட்டால் அளவு போய்விடும். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால் கார்புரேட்டருக்குக் கீழே உள்ள கேஸ்கெட்டிலோ ஏதாவது வேக்குவம் ஹோஸிலோ வெளிக்காற்று இழுக்கிறது. ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். எதைக் கிள்ளும்போது ஐட்லிங் மாறுகிறதோ அந்தப் பக்கம் ஓட்டை. சிலர் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சித் தேடுவார்கள். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தச் சோதனைகளை மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். பெட்ரோல் கூடுதலாக எரியும் இஞ்சின் கார்பன் மோனாக்சைடை ஏராளமாக வெளியே தள்ளும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று இருக்காதீர்கள், வண்டியை வெளியே கொண்டுவந்து விடுங்கள்.

ஒற்றைசிலிண்டர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடைய பழைய பைக்கிலும் இதே கதை, சோக் போட்டால்தான் அணையாமல் ஓடுகிறது. ஆனால் அதில் தகடு எதுவும் இல்லையே? கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு சின்ன லிவர் மட்டும்தான்.

ஜெட்நீடில்:
தம்பி, உங்களுடையதில் இருப்பது காற்றை மூடும் சோக் இல்லை. நிறைய பைக் கார்புரேட்டர்களில் ஒரு சிறு பிளஞ்சர் இருக்கும். லிவரைத் தூக்கினால் அது எழுந்து, தனி வழியில் கூடுதல் பெட்ரோலையும் காற்றையும் விடும். த்ராட்டில் மூடியிருக்கும்போது வருகிற வேக்குவம்தான் அந்த வழியில் பெட்ரோலை இழுக்கிறது. அதனால் இந்த வகையில் சோக் போட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வேக்குவம் விழுந்து, ஸ்டார்ட் ஆக வேண்டியதும் ஆகாது. கையை எடுத்துவிட்டுக் கிக் பண்ணுங்கள்.

சோக் இல்லாமல் ஓடாததற்குக் காரணம் கார் மாதிரிதான். பைலட் ஜெட் (பைக்கில் ஐடில் ஜெட்டின் பெயர்) அடைப்பு, இல்லாவிட்டால் கார்புரேட்டரையும் இஞ்சினையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு. ரப்பரைக் கழற்றி மடித்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பு மடித்தால் வாய் திறக்கும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் இந்த பிளஞ்சரில் உண்டு. அதன் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தாலோ, கேபிளில் கொஞ்சமும் தளர்வு இல்லாமல் இழுத்துப் பிடித்திருந்தாலோ, சோக்கை இறக்கிய பிறகும் வழி முழுதாக மூடாது. சூடான பிறகு ஐட்லிங் தடுமாறும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். எல்லோரும் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், இதை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

சந்தேகம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், நன்றாகச் சூடான இஞ்சினை ஐட்லிங்கில் விட்டு ஒரு கணம் சோக்கைப் போட்டுப் பாருங்கள். இஞ்சின் தெளிவாகி ஆர்.பி.எம். ஏறினால் பெட்ரோல் குறைவு. திணறி விழுந்தால் பெட்ரோல் போதுமான அளவிலோ கூடுதலாகவோ இருக்கிறது.

ஒற்றைசிலிண்டர்:
சோக் போட்டதும் தெளிவாக ஏறுகிறது அண்ணா. ஜெட்டைச் சுத்தம் செய்கிறேன். பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

வால்வுசத்தம்:
ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் பெட்ரோல் விகிதம் குறையும். இஞ்சின் பக்கம் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் கூடும். இரண்டும் எதிரெதிர். உள்ளே திருப்பும்போது மெதுவாக உட்கார விடுங்கள். இறுக்கினால் ஊசி முனை வளைந்துவிடும்.

கைச்சோக்:
செய்தி இருக்கிறது. சாவியை ஆன் செய்தால் 'டிக்' சத்தமே இல்லை. டெஸ்ட் லாம்பும் எரியவில்லை. ஒயரை இழுத்துப் பார்த்தபோது டெர்மினலுக்குப் பக்கத்தில், மேல் உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரிகிறது! புது டெர்மினல் போட்டேன். சூடானதும் சோக்கை முழுதாகத் தள்ளினேன், அணையாமல் அருமையாக ஓடுகிறது. நன்றி சொல்ல வார்த்தை இல்லை.

ஆனால் கறுப்பு முழுதாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது. வேகமாக மிதித்தால் இன்னும் வருகிறது.

ஜெட்நீடில்:
மிக்க மகிழ்ச்சி. சரி, மிச்சத்தையும் பார்த்துவிடலாம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இஞ்சின் அணைந்த நிலையில், சோக் குமிழை உள்ளே தள்ளி வையுங்கள். இப்போது மேலிருந்து தகட்டைப் பாருங்கள். செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் காற்றை மறைக்கும், வேகம் கூடக்கூட அதன் விளைவும் கூடும். சாய்ந்திருந்தால் கேபிளின் வெளியுறை கிளாம்பில் நழுவியிருக்கலாம், அல்லது தகட்டின் தண்டில் பிசின் ஒட்டியிருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டுத் தகட்டை விரலால் அசைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

தகடு சரியாக இருந்தால் ஏர் ஃபில்டர். அதுவும் சுத்தம் என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பர். பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறி, எல்லா வேகத்திலும் கூடுதலாக இறங்கும். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. எங்கே ஓட்டை என்று தெரிய, சூடான தண்ணீரில் அமிழ்த்துங்கள், குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். தண்ணீரை வேறு இடத்தில் சூடாக்கிக் கொண்டுவாருங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய வண்டிகளின் ரப்பர்கள் உப்பியும் இறுகியும் போவதைப் பார்க்கிறேன். நீடில் முனையில் ரப்பர் உள்ள வகை என்றால் அதையும் பாருங்கள். எத்தனால் கலவையை மெலியவைக்கவும் செய்யும், ஏனென்றால் எத்தனாலுக்கு ஏறக்குறைய 9 பங்கு காற்றே போதும். பழைய ஜெட் அளவு பெட்ரோலை மனதில் வைத்துப் போடப்பட்டது. காலையில் சோக் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்பட்டால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் நெடுநாள் சோக்கை இழுத்தபடி ஓட்டியிருக்கிறீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலோ, மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

நெடுஞ்சாலை:
ஆயில் மட்டம் ஏறுவதற்கு மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பும் காரணமாக இருக்கலாம். அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக கிராங்க் கேஸுக்குள் போகும். ஆயிலை மாற்றிய பிறகு மறுபடி மட்டம் ஏறினால் பம்பைக் கழற்றுங்கள்.

ஆனால் ரிங் விஷயத்தில் நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ரிங் லேசாகத் தேய்ந்திருந்தாலும் ஆரம்பத்தில் நீலம் வெளியே தெரியாது. அளந்து பார்த்துவிடுவதே நல்லது.

ஜெட்நீடில்:
அளந்து பார்ப்பதற்கு என் முழு ஆதரவு. கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரில் உண்டாகும் அழுத்தத்தை அளப்பது) செய்யுங்கள் கைச்சோக். இஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி சுற்றுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்காவிட்டால் காற்று போதாமல் எல்லா அளவும் குறைவாகக் காட்டும். நல்ல இஞ்சினைக் கெட்டது என்று தீர்ப்பு சொல்வது இப்படித்தான் நடக்கிறது. எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது முக்கியம்.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயிலை பிளக் துளை வழியாக விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர், ஏனென்றால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்துவிடும். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு சேர்ந்தாற்போல் குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். ஈரமான பளபளப்புக் கறுப்பு என்றால் ஆயில். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு.

தானாகத்திறப்பது:
கைச்சோக் இல்லாத வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் காரில் ஆட்டோமேட்டிக் சோக். சூடான பிறகும் கரும்புகை விடுகிறது.

வால்வுசத்தம்:
ஆட்டோ சோக்கில் தகட்டைத் திறப்பது இரண்டு உலோகம் ஒட்டிய சுருள். சூடானால் விரிந்து திறக்கும். அந்தச் சூடு சில வண்டியில் கூலண்டில் இருந்து, சிலவற்றில் எக்ஸாஸ்டில் இருந்து வரும் வெந்காற்றில் இருந்து, சிலவற்றில் கரண்ட்டில் இருந்து வரும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். மின்சார வகையில் ஒயரில் கரண்ட் வராவிட்டால் சுருள் சூடாகாது. வெந்காற்று வகையில் குழாய் துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். இரண்டிலும் தகடு மூடியபடியே இருக்கும்.

காலையில் குளிர்ந்த இஞ்சினில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை மிதித்து விடுங்கள். தகடு மூட வேண்டும். இஞ்சின் பிடித்த உடனே சில மில்லிமீட்டர் திறக்க வேண்டும். அது வேக்குவம் டயாஃப்ரத்தின் வேலை. அந்தச் சிறு திறப்பு இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆனதும் கரும்புகை விட்டு மூச்சடைத்து நின்றுவிடும், டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் சில நிமிடத்தில் படிப்படியாகச் செங்குத்தாக வர வேண்டும். சுருளின் வெளிமூடியில் கோடுகள் இருக்கும். சரிசெய்வதாக இருந்தால் பழைய இடத்தைக் குறித்துவிட்டு ஒரு கோடு மட்டும் நகர்த்துங்கள்.

கறுப்புடீசல்:
டீசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பழைய டீசல் காரிலும் ஒரு குமிழ் இருக்கிறது, எல்லோரும் சோக் என்றுதான் சொல்கிறார்கள். காலையில் கண் எரியும் அளவுக்கு வெண்புகை.

ஜெட்நீடில்:
டீசலில் சோக் கிடையாது. அந்தக் குமிழ் பெரும்பாலும் கோல்டு ஸ்டார்ட் கேபிளாக இருக்கும். இன்ஜெக்‌ஷன் டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளும், சில வண்டியில் ஐட்லிங்கையும் ஏற்றும். கண் எரிகிற வெண்புகை நீராவி இல்லை, எரியாத டீசல். குளிரில் மட்டும் வந்து சூடானதும் நின்றால் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைப் பாருங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் ஒரு ஓம் அளவில்தான் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் அந்த பிளக் செத்துவிட்டது. மிகப் பழைய சில இஞ்சின்களில் இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். ஒன்று போனால் எல்லாமே சூடாகாது.

சூடான பிறகும் வெள்ளை தொடர்ந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது கம்ப்ரஷன் இல்லை, அல்லது இன்ஜெக்டர் தூவாமல் ஒழுகுகிறது. இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கச் சொல்வார்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழக்கம் இல்லாவிட்டால் அந்த வேலையை டீசல் பம்ப் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கைச்சோக்:
தகடு சாய்ந்துதான் இருந்தது! கேபிள் உறை கிளாம்பில் நழுவியிருக்கிறது. சரியாகப் பிடித்து இறுக்கியதும் கறுப்பு நின்றுவிட்டது. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை இருந்தது, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டேன். மட்டம் மறுபடி ஏறவில்லை. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது, மேனுவல் சொல்லும் அளவுக்குள். ஆயில் விட்டும் பெரிதாக ஏறவில்லை. பிளக்கில் கரி மட்டும்தான், ஈரம் இல்லை.

மிச்சம் காலையில் வரும் நீல வீச்சு. சீல் மாற்ற ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டுமா?

நெடுஞ்சாலை:
அப்படியானால் ரிங் நன்றாக இருக்கிறது, இஞ்சினை இறக்க வேண்டாம். அளந்து பார்த்தது நல்லதாயிற்று.

வால்வுசத்தம்:
வேண்டியதில்லை. பிளக் துளையில் அடாப்டர் போட்டுக் காற்றழுத்தம் கொடுத்தால் வால்வு கீழே விழாமல் நிற்கும். ஸ்ப்ரிங்கை அமுக்கிச் சீலை மாற்றிவிடலாம். கம்ப்ரஸர் இல்லாவிட்டால், பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் துளை வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றை உள்ளே திணித்து, கிராங்கை மெல்லக் கையால் சுற்றிப் பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில்தான் செய்ய வேண்டும். கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்கட்டும். ஸ்ப்ரிங் கழன்றதும் வால்வுத் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால் கைடே தேய்ந்திருக்கிறது, புது சீல் நெடுநாள் தாங்காது. அப்போதுதான் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

ஆயில் அதிகம் குறையவில்லை என்றால் இது அவசர வேலையும் இல்லை. நேரம் கிடைக்கும்போது செய்யுங்கள்.

ஒற்றைசிலிண்டர்:
என் பைக் சரியாகிவிட்டது, பைலட் ஜெட்தான். கடைசியாக ஒன்று. வீட்டில் ஒரு டூ-ஸ்ட்ரோக்கும் இருக்கிறது. ஆயில் கலவையைக் குறைத்தும் புகை குறையவே இல்லை.

ஜெட்நீடில்:
முதலில் கலவையைப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள் தம்பி. டூ-ஸ்ட்ரோக்கில் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அந்த ஆயில்தான் உயிர். புகைக்காகக் குறைத்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

கியர் ஆயில் மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். வெளியே ஒழுகாமல் மட்டம் குறைந்தால், கியர் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கிறது. இஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ பக்கத்து சீல் போனால் புகை கூடாது. வெளிக்காற்று உள்ளே போய் ஐட்லிங் தானாக ஏறும், இஞ்சின் அதிகம் சூடாகும். அந்தப் பக்கம் இன்னும் ஆபத்தானது. சீல் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் கொஞ்ச நாள் புகை வரும். சைலன்சருக்குள் தங்கிய ஆயில் எரிந்து தீர வேண்டும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி இஞ்சினைப் பிரிக்காதீர்கள். கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய சைலன்சர் என்றால் உள் குழாயை எடுத்துக் கரியைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள்.